செக்கர் அண்ணாச்சியின் ஏப்பம்

சாத்தூரில், வைப்பாற்றுப் பாலத்தைத் தாண்டாமல் இடது கைப்பக்கம் திரும்பினால் வருகிற கம்மாய்க்கரைத் தெருவில், வணக்கம் என்கிற சொல்லை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, மனுசனை மனுசன் பார்த்தால் 'சாப்ட்டாச்சா' என்று கேட்பதுதான் வழக்கம். கேட்பவர் நடந்துகொண்டே கேட்பார், பதில் சொல்பவரும் நடந்துகொண்டே 'ஆச்சு' என்பார். பல் விளக்கிக்கொண்டிருப்பவனிடமும் கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருப்பவனிடமும் கேட்பார்கள், இழவு வீட்டில் பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பவளிடம்கூடக் குரலைத் தாழ்த்திக் கேட்டுவிடுவார்கள். இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றும் ஒரு பதில் உண்டு, அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் கேட்டவர் நின்று, 'அப்ப வாங்க, ஒரு வாய் சாப்பிடுவோம்' என்று கூட்டிப்போய்த் தட்டு வைத்தாக வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தெருவிலேயே மிகச் சுத்தமாக 'ஆச்சு' சொல்லக்கூடியவர் தவசிலிங்கம். தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் தலை நரைக்கும்வரை செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர், ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர், சொந்த மச்சினனையே ஓசிப் பயணம் என்று நடுக்காட்டில் இறக்கிவிட்டவர், அதைச் சொல்லிக்காட்டியே அவர் பெண்டாட்டி மிச்சக் காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. பஸ் கம்பெனியும் முதலாளியின் மகன்கள் பாகம் பிரித்ததில் ஆளுக்கொரு சக்கரமாகப் போய்விட்டது. பென்சன் என்று ஒன்று இருந்ததே இல்லை. முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போடச் சொன்னவர்களிடம், அது ஆதரவில்லாதவர்களுக்கு உள்ளது, நான் என்ன ஆதரவில்லாதவனா என்று திருப்பிக் கேட்டார், கேட்டபோது அவர் வீட்டில் அவரைத் தவிர ஒரு பல்லிகூட இல்லை. கம்பெனி போனாலும் பட்டம் போகவில்லை, தெருவுக்கு அவர் செக்கர் அண்ணாச்சிதான், வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் பாய்க்கு அடியில் மடித்து வைத்து, மடிப்புக் கலையாமல்தான் போட்டுக்கொள்வார்.

அவர் குடியிருந்தது ஒரே முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற ஒரு வளவில். அங்கே எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது சத்தத்திலும் வாசனையிலும் தெரிந்துவிடும் என்பதால், மத்தியானம் ஆனதும் தவசிலிங்கம் அடுப்பைப் பற்றவைத்து, கரண்டியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு சிட்டிகை கடுகு போட்டு, முற்றத்து மரத்தில் பறித்த கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுவார். சடசடவென்று வெடிக்கும். அவ்வளவுதான் சமையல். அடுப்பை அணைத்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் குத்தியபடி வெளியே வருவார். மாதத்தின் முற்பாதியில் ரேசன் அரிசிக் கஞ்சி, பிற்பாதியில் கடுகு, இதுதான் அவர் வகுத்துக்கொண்ட முறை. அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் முத்துப்பேச்சி என்று ஒருத்தி இருந்தாள், வீடுவீடாகப் பாத்திரம் தேய்த்தவள், முட்டி தேய்ந்துபோனதில் வேலையை விட்டு நிறுத்தப்பட்டு, முகூர்த்த நாட்களில் மட்டும் கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கப் போகிறவள். அவள் வீட்டிலும் அதே நேரத்துக்குக் கடுகு வெடிக்கும். இந்த ஒண்டிக்கட்டை ரெண்டும் வேளாவேளைக்கு நல்லா வச்சுத் திங்குதுக என்று வளவுப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். முத்துப்பேச்சி மட்டும் அவரிடம் ஒரு நாளும் 'சாப்ட்டீகளா' என்று கேட்டதில்லை, பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். எச்சில் இலை எடுக்கிறவளுக்கு எவ்வளவு ராங்கி பார் என்று அவருக்கு மனத்தாங்கல்.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டீக்கடைக் காசிராஜன், தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புகிறவன், எதிரில் வந்த தவசிலிங்கத்திடம் வழக்கம்போல 'சாப்ட்டாச்சா அண்ணாச்சி' என்றான். இவரும் வழக்கம்போல 'ஆச்சு' என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் வயிறு நிறைந்துவிட்டது. நிறைந்த மாதிரி இல்லை, நிஜமாகவே, சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் நெத்திலிக் கருவாட்டு வறுவலும் கடைசியாக ஒரு வாய் மோருமாக, வரிசை மாறாமல் வந்து இறங்கி நிறைந்தது, பின்னாடியே கருவாட்டு வாசனையோடு ஒரு நீளமான ஏப்பம் வந்தது. தவசிலிங்கம் பயப்படவில்லை. இத்தனை காலம் ஒரு சொல்லை விடாமல் சொல்லி வந்ததற்கு இப்போதாவது அதற்கு ஒரு மரியாதை கிடைத்ததே என்றுதான் நினைத்தார், வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒழுங்காகக் கை கழுவிக்கொண்டார். காசிராஜனுக்குத்தான் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாதி வழியில் வீடு திரும்பி மறுபடியும் தட்டை எடுத்தவனை, இப்பத்தான கொட்டிக்கிட்டுப் போனீரு என்று பெண்டாட்டி கரண்டியோடு வந்து நின்றாள்.

அந்த ஆடி மாதம் கம்மாய்க்கரைத் தெருவுக்கே பசித்தது. சாப்பிட்டுக் கை கழுவி வாசலுக்கு வந்தால் பசி, வேலைக்குப் போகும் வழியில் பசி. ரேசன் அரிசி வயிற்றில் நிற்கமாட்டேன் என்கிறது என்றார்கள் சிலர், போர்த் தண்ணீரில் இரும்பு கூடிவிட்டது என்றார்கள் சிலர், சுகாதார நிலையத்திலிருந்து பூச்சி மாத்திரை வாங்கி வந்து வீட்டோடு விழுங்கினார்கள். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, வயிறு குளிரக் குடித்துவிட்டு வந்த அத்தனை பேரும் ஆளாளுக்கு 'கூழு குடிச்சாச்சா அண்ணாச்சி' என்று கேட்டதில், தெருக் கூழ் முழுவதையும் தவசிலிங்கமே குடித்து, அண்டாவை முழுங்கியவர் மாதிரி இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்.

கேட்கிறவனின் வயிற்றில் இருப்பதுதான் தனக்கு வருகிறது என்று அவருக்கு எப்போது தெரிந்தது என்றால், தெரியும், தெரியாது, இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தில் அதைத் தள்ளி வைத்திருந்தார். ஏப்பம் எதையும் மறைக்கவில்லை. சனிக்கிழமை விரதம் இருக்கிற பிள்ளையார் கோயில் தர்மகர்த்தாவின் விரதத்தில் இரண்டு அவித்த முட்டை இருந்தது. தெருவிலேயே வசதியானது என்று பேரெடுத்த மாடி வீட்டுக்காரர் கேட்டபோது வந்தது பழைய சோறு ஊறிய வெறும் நீச்சத்தண்ணியும் உப்புக் கல்லும், அந்த ஏப்பத்துக்கு வாசனையே இல்லை. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவன் மடியில் என்ன வைத்திருக்கிறான் என்பதை வெளியே சொல்வது செக்கருக்கு அழகில்லை என்பது அவர் கொள்கை.

ஆனாலும் பழைய தொழில் புத்தி ஒரு நாள் காலை வாரிவிட்டது. குறை கண்டால் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஏப்பம் விட்ட கையோடு, காசிராஜனிடம் வாய் தவறி, 'பாகற்காய்க்கு வெல்லம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு, தங்கச்சிட்டச் சொல்லு' என்றார். காசிராஜன் டீ ஆற்றுவதை நிறுத்தினான். எங்கள் வீட்டுப் பாகற்காயை உங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டான், இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். காசிராஜன் விடவில்லை. மறுநாள் வேறு எதுவும் தொடாமல் ஒரே ஒரு நாட்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு வந்து கேட்டான், அவர் 'ஆச்சு' என்றார், நாட்டுப்பழம் மணக்க ஏப்பம் விட்டார். பொழுது இறங்குவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அடிபம்புக்குப் பக்கத்தில் கூடிப் பேசினார்கள். இப்படியும் நடக்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, அதுதான் நடந்துகொண்டிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்பதுதான் பேச்சு. ஊரைவிட்டு அனுப்பலாம் என்றால் அவர் வாடகை பாக்கி வைக்காதவர். மந்திரிக்கலாம் என்றால் பேயா பிடித்திருக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று பிடித்துக் கேட்கலாம் என்றால், அப்ப பட்டினியா கிடக்கீக என்று அடுத்த கேள்வி வந்துவிடும், அதைக் கேட்க ஆளில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், வீட்டுக்கொரு நாள் முறை வைத்து ஒரு தட்டுச் சோறு கொடுத்துவிட்டால் என்ன என்றது. குடத்தைத் தேடுகிறவர்கள்போல எல்லாரும் கீழே குனிந்துகொண்டார்கள். தர்மகர்த்தாதான், 'அதெல்லாம் குடுத்தா வாங்க மாட்டாரு, மானஸ்தரு' என்றார். ஆமா, மானஸ்தரு, மானஸ்தரு என்று எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அப்பாடா என்றிருந்தது அவர்களுக்கு. அவருடைய மானத்தை அவரைவிட அக்கறையாகக் காப்பாற்றுவதென்றும், இனிமேல் அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்றும் முடிவாகிக் கலைந்தார்கள்.

அதற்கப்புறம் தெருவில் புதுப்புது விசாரிப்புகள் வந்தன. 'காத்து எப்படி அண்ணாச்சி' என்றார்கள், 'வெயிலு தாங்கலியே' என்றார்கள், ஒருவன் பதறிப்போய் 'தண்டவாளம் எப்படி இருக்கு' என்று கேட்டுவிட்டு அவனே முழித்தான். வெளியூர் விருந்தாளிகளைத் தெரு முக்கிலேயே நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார்கள். நாக்குப் பழகப் பழக அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளும் நின்றுபோனது. மருமகள் மாமியாரைக் கேட்பதில்லை, வேலைவிட்டு வந்த புருசனைப் பெண்டாட்டி கேட்பதில்லை, அவரவர் எடுத்துப் போட்டுத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். இது ஒருவகையில் சௌகரியமாகத்தான் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார்கள்.

காரணத்தை அவரிடம் காசிராஜன்தான் சொன்னான், நல்ல மாதிரியாகத்தான் சொன்னான், சொல்லும்போது கண்ணைப் பார்க்கவில்லை. 'கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. நாங்க திங்கிறதெல்லாம் ஒங்களுக்கு வந்துருது.' தவசிலிங்கம் நேராக வீட்டுக்கு வந்தார். அவர் பிடித்த ஆட்கள் எத்தனையோ சாக்குச் சொல்லியிருக்கிறார்கள், தூங்கிட்டேன் என்பார்கள், கண்டக்டர் இன்னும் இங்கே வரலை என்பார்கள், அடுத்த ஸ்டாப்பில் எடுக்கத்தான் இருந்தேன் என்பார்கள். அத்தனையையும் மனசுக்குள் எடுத்துப் பார்த்தார், தனக்கு ஒன்றும் பொருந்தவில்லை. ஊரார் வயிற்றில் டிக்கெட் இல்லாமல் ஏறி உட்கார்ந்து ஒரு மாதம் பயணம் போயிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது, செத்துப்போன பெண்டாட்டி இதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பாள் என்று பட்டது. இனிமேல் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று கண்ணாடி முன்னால் நின்று 'இல்லை' என்று சொல்லிப் பழகினார். நாக்கு 'இ' வரைக்கும் போய் அங்கேயே நின்றது, தள்ளிப் பார்த்தால் 'இப்பத்தான் ஆச்சு' என்று முடிந்தது. தான் சம்பாதித்ததில் மிச்சமாகக் கையில் இருப்பது அந்த ஒரு 'ஆச்சு'தான் என்பதுபோல அவர் உடம்பே அதை விடமாட்டேன் என்றது.

அதனால் நடக்க ஆரம்பித்தார். நின்றால் சங்கதி தெரியாதவன் யாராவது பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிடுவான், உட்கார்ந்தால் நிச்சயம் கேட்டுவிடுவான், ஆகவே நிற்காமல் உட்காராமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயிலடிக்கு, ரயிலடியிலிருந்து ஆற்று மணலுக்கு, மணலிலிருந்து மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு, யாரோ துரத்துகிற மாதிரி வெயிலில் போய்க்கொண்டே இருந்தார். செக்கர் லைனில் இறங்கிட்டாரு என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். வயிறு காலியாகி, காலியானது எரிந்து, எரிந்தது மரத்து, கால்கள் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தன.

அப்படிப் போகும்போதுதான் அவர் பக்கத்தில் ஒரு கார் ஊர்ந்து வந்து நின்றது. உள்ளே மிளகாய் வத்தல் மண்டி முதலாளி அரியநாயகம், சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவர், டாக்டர் எழுதிக் கொடுத்த கேப்பைக் களியைப் பார்த்தாலே கண் கலங்குகிறவர், ஒரு காதுகுத்து விருந்தில் அளவு தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். செக்கரின் சங்கதி அவர் மண்டி வரைக்கும் எட்டியிருந்தது. கதவைத் திறந்து இறங்கி, கையைக் கூப்பிக் கும்பிட்டார். இது பிச்சை இல்லை செக்கரய்யா, எனக்கு நீங்கள் செய்கிற உபகாரம், என் பாரத்தை இறக்கிவிடுகிறீர்கள், நான்தான் உங்களுக்குக் கடமைப்பட்டவன் என்று ரொம்ப நேரம் பேசினார். தவசிலிங்கம் யோசித்தார். அளவுக்கு மேல் லக்கேஜ் கொண்டுவருகிறவனிடம் அதை இறக்கச் சொல்வது செக்கரின் வேலைதான். காசு தரக்கூடாது, மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை சொன்னார். அரியநாயகம் மரியாதையாகக் கேட்டார், இவர் 'ஆச்சு' என்றார், முதலாளி அப்படியே இளைத்தவர்போலக் காரில் ஏறிப் போனார்.

பிறகு வளவு வாசலில் கார்கள் நின்றன. விருந்து முடிந்தவர்கள், இரவுக் கூத்தின் மிச்சத்தோடு காலையில் வருகிறவர்கள், ஆசைப்பட்டுத் தின்றுவிட்டு மருந்துக்குப் பயப்படுகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். தெரு இதையும் சீக்கிரமே பழகிக்கொண்டது. காத்திருப்பவர்களுக்குக் காசிராஜன் பெஞ்சு போட்டு சுக்குக்காப்பி விற்றான், தர்மகர்த்தா கார்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். மரியாதையாகக் கேட்க வேண்டும் என்பது நாளாக ஆகக் காரின் கண்ணாடியைப் பாதி இறக்கிக் கேட்பதாயிற்று, பிறகு ஹாரன் அடித்துவிட்டுக் கேட்பதாயிற்று. மதுரையிலிருந்து ஒருவர் போனில் கேட்டார், அவருடைய பிரியாணி முக்கால் மணி நேரம் கழித்து, ஆறிப்போய் வந்து சேர்ந்தது.

தவசிலிங்கத்துக்கு வயிறு வந்தது. கன்னம் உப்பியது, கால் வீங்கியது, வெள்ளைச் சட்டையில் பித்தான் நிற்கவில்லை. செக்கர் நல்லா ஆயிட்டாரு என்று தெரு திருப்திப்பட்டது, யாருக்கும் அவரைப் பார்த்துக் கூச்சப்பட இனி அவசியமில்லை. அவருக்கோ அடுத்தவர்களின் நெய்யோடும் கறியோடும் அவர்களின் பதற்றமும் சேர்ந்து வந்து இறங்கியது, வத்தல் விலை சரிந்தால் இவருக்கு நெஞ்சு அடித்தது, யாரோ போட்ட பந்தயத்துக்கு இவருக்குத் தூக்கம் போனது. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலவும் எழுந்தால் ஓட வேண்டும் போலவும் இருந்தது, முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வந்தவர்களில் ஒருத்தருக்கும் அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. இப்போதெல்லாம் மத்தியானத்தில் அவர் அடுப்புப் பற்றவைப்பதில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் கடுகு வெடித்தது.

ஐப்பசியில் அரியநாயகம் வீட்டில் மகளுக்குக் கல்யாணம். சாத்தூரின் பெரிய மண்டபம், ஊரே வந்திருந்தது. தவசிலிங்கத்தைக் காரில் கூட்டிவந்து, சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிக் கை கழுவுகிற இடத்தில் மெத்தை வைத்த நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முதல் பந்தி முடிந்து எழுந்து வந்தவர்கள் குழாயைத் திருகிக்கொண்டே, கையை உதறிக்கொண்டே, பீடாவை வாயில் போட்டுக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமலே 'சாப்ட்டாச்சா' என்றார்கள், ஒவ்வொருவருக்கும் அவர் 'ஆச்சு' என்றார். பாதாம் அல்வாவும் பருப்புப் பாயசமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. நெற்றி வியர்த்து, மூச்சு மேலேயே நின்றது. முகூர்த்தம் முடியுமுன் இந்த நாற்காலியிலேயே செத்துவிடுவோம், செத்தால்கூட யாராவது வந்து கேட்பார்கள், வாய் தானாக 'ஆச்சு' என்று சொல்லும் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் எச்சில் இலை வாளியோடு முத்துப்பேச்சி அந்தப் பக்கம் வந்தாள். வந்தவள் நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

'என்ன அண்ணாச்சி இது, ஆளே செத்துப்போயி உக்காந்திருக்கீக' என்றாள். பிறகு, இத்தனை வருசத்தில் ஒரு நாளும் கேட்காததை, ரொம்பத் தயங்கிக் கேட்டாள். 'அவுக தின்னது இருக்கட்டும். நீங்க சாப்ட்டீகளா?'

'ஆச்சு' என்றார் தவசிலிங்கம், பழக்கதோசத்தில்.

வந்தது ஒன்றுமே இல்லை. கொஞ்சம் தண்ணீர், ஒரு கடி கொட்டைப்பாக்கு, அதற்குப் பின்னால் பசி. அந்தப் பசி வந்து விழுந்த வேகத்தில், மாதக் கணக்காக உள்ளே அடைந்து கிடந்த நெய்யும் கறியும் அல்வாவும் இருந்த இடம் தெரியாமல் போயின. வயிறு சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது. அவருக்கு ஏப்பம் வரவில்லை. இந்தப் பசியை அவருக்கு நன்றாகத் தெரியும், கஞ்சி தீர்ந்த பிறகு வருகிற மாதக் கடைசிப் பசி, கடுகுக்கு அப்புறம் ஒரு செம்புத் தண்ணீர் விழுந்த பசி, ஊரில் ஆயிரம் பேர் வயிற்றுக்குள் வைத்தாலும் இதை அவர் அடையாளம் சொல்லிவிடுவார். இவள் ஏன் இத்தனை நாள் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் கூட்டிப்போய் வைப்பதற்கு அவளிடம் எதுவும் இருந்ததில்லை. இதைப் போய் ராங்கி என்று நினைத்தோமே என்று அவருக்கு வெட்கமாகவும் அதைவிடப் பெரிதாக ஒரு கோபமாகவும் வந்தது, அந்தக் கோபம் யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

'நீ சாப்ட்டியா பேச்சி?'

'எனக்கென்ன, ஆச்சு' என்றாள் அவள், வாளியை எடுக்கக் குனிந்தபடி.

'நான் செக்கரு பேச்சி' என்றார் தவசிலிங்கம். 'மூஞ்சியப் பாத்தாத் தெரியும் எனக்கு.'

அவள் நிமிரவில்லை. குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'நேத்து மத்தியானம் ஒரு பன்னு' என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

தவசிலிங்கம் எழுந்தார், தொளதொளத்துப்போன சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவரைப்போலச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஏறினார். வா என்று அவளையும் கூப்பிட்டார். சேலையெல்லாம் எச்சிலாகக் கிடக்கிறது, நம்மளுக்குக் கடைசிப் பந்தி அண்ணாச்சி என்று அவள் பின்னாலேயே மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டாம் பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். நடு வரிசையில், தர்மகர்த்தாவுக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் பக்கத்தில், இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. அதில் ஒன்றில் அவளை உட்கார வைத்து, இன்னொன்றில் அவர் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவன் போய் முதலாளியிடம் சொன்னான்.

அரியநாயகம் வந்தார். சம்பந்தி வீட்டாரோடு தனிப் பந்தியில் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்திருந்ததில் அவருக்கு நிற்கவே முடியவில்லை, நாற்காலியில் இருக்க வேண்டிய செக்கரைக் காணாமல் தவித்துப்போயிருந்தார். சம்பந்தி பக்கத்திலேயே இருந்தார், நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஏன் வந்து உட்கார்ந்தாய் என்று கேட்க முடியாது. வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, தனக்கு வேண்டியதை அவர் கேட்டார்.

'என்ன செக்கரய்யா, சாப்ட்டாச்சா?'

பக்கத்து இலைக்காரர்கள் தண்ணீர் தெளிக்கிற கையை நிறுத்தினார்கள். தவசிலிங்கத்தின் நாக்கு 'இ' வரைக்கும் போய் அங்கே நின்றது. பக்கத்தில் முத்துப்பேச்சி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பசி அவர் வயிற்றுக்குள் இருந்தது, அது உள்ளேயிருந்து தள்ளியது.

'இல்ல மொதலாளி' என்றார். கூடம் முழுக்கக் கேட்கும்படியாக, ஸ்டாப் பேர் சொல்லி இறக்கிவிடுகிற அதே குரலில் சொன்னார். 'நான் இன்னும் சாப்பிடல. இந்தம்மாவும் சாப்பிடல. இனிமேத்தான்.'

அரியநாயகத்தின் அல்வா அரியநாயகத்தின் வயிற்றிலேயே இருந்தது. அவர் ஒருமுறை சம்பந்தியைப் பார்த்தார், ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தார். அவர் மனசு என்ன சொல்லியிருக்குமோ தெரியாது, ஆனால் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்துவிட்டால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது அவர் வாய்க்குத் தெரிந்திருந்தது, அவருடைய அப்பனுக்கும் பாட்டனுக்கும் தெரிந்திருந்த மாதிரியே. 'அப்ப இருந்து சாப்பிடுங்க' என்றார், பரிமாறுகிறவர்கள் பக்கம் திரும்பி, 'ரெண்டு இலை போடுங்கப்பா' என்றார்.

இலை வந்தது. முத்துப்பேச்சி இத்தனை வருசம் எடுத்த இலைகளில் எதையும் எச்சிலாகாமல் பார்த்ததில்லை, தண்ணீர் தெளித்து ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். உப்பும் ஊறுகாயும் பொரியலும் வைத்துக்கொண்டு போனார்கள். சோற்று வாளிக்காரன் வந்து முதல் கரண்டியை அவள் இலையில் போட்டு, இரண்டாவது கரண்டியை எடுத்தபோது, 'போதும் போதும்' என்று அவள் கை தானாகப் போய் இலையை மறைத்தது.

தவசிலிங்கம் அந்தக் கையைப் பிடித்து, இலையிலிருந்து நகர்த்தி வைத்தார்.

'நீ போடுப்பா' என்றார்.